கம்மி பட்ஜெட்ல பேய்ப்படம் எடுத்தா நல்லா காசு பாக்கலாம்னு சொல்றாங்களே, உண்மையா?

படம் காசு பாக்கும், எடுத்தவன் பாப்பானாங்கறது தனிக் கேள்வி.

இந்தப் பேச்சு வந்தாலே எல்லாரும் பாராநார்மல் ஆக்டிவிட்டியத்தான் இழுப்பாங்க, டைரக்டர் சொந்த வீட்லயே 15,000 டாலர்ல எடுத்தாரு, உலகம் பூரா 19 கோடி டாலருக்கு மேல வசூல்னு. வாஸ்தவம்தான். ஆனா நீங்க தெரிஞ்சுக்க வேண்டியது 1968ல வந்த நைட் ஆஃப் தி லிவிங் டெட் கதை. இப்ப வர்ற ஜோம்பி படத்துக்கெல்லாம் தாத்தா அது.

படத்தோட டைரக்டர் ஜார்ஜ் ரொமேரோவும் கூட்டாளிங்களும் பிட்ஸ்பர்க்ல விளம்பரப் படம் எடுத்துட்டு இருந்தவங்க. ஆளாளுக்கு காசு போட்டு ஆரம்பிச்சு மொத்த செலவே சுமார் 1,14,000 டாலர்தான் ஆச்சு. கலருக்குக் கட்டுப்படியாகல, சரி கருப்பு வெள்ளைலயே எடுப்போம்னு எடுத்தாங்க, அதனால ரத்தத்துக்கு சாக்லேட் சிரப்பே போதுமாயிடுச்சு. பொணங்க கடிச்சுத் திங்கிற கறியும் குடலும் பணம் போட்டவங்கள்ல ஒருத்தரோட கறிக்கடைல இருந்து வந்துச்சு. படத்துல வர்ற வீடு எப்படியும் இடிக்கப்போற பழைய பண்ணை வீடு, இஷ்டத்துக்கு உடைக்கலாம், ஆணி அடிக்கலாம். என்னைக் கேட்டா கலர்ல எடுத்திருந்தா இவ்ளோ பயமே இருந்திருக்காது, டிவில நியூஸ் பாக்கற மாதிரி இருக்கறதுதான் வயித்தைப் பிசையுது.

விக்கப் போனா கொலம்பியா கம்பெனி கலர் இல்லன்னு வேணாம்னுடுச்சு, இன்னொருத்தர் க்ளைமாக்ஸை சந்தோஷமா மாத்துங்கன்னாரு, இவங்க முடியாதுன்னுட்டாங்க. கடைசில வால்டர் ரீட் கம்பெனி வாங்கி ரிலீஸ் பண்ணுச்சு. அப்ப அமெரிக்கால எந்த வயசுக்காரங்க பாக்கலாம்னு சொல்ற, இப்ப இருக்கற ரேட்டிங் முறை இன்னும் வரல, மத்தியான ஷோவுக்கு சின்னப் பசங்க கூட்டமா வந்து உக்காந்துட்டு பாதிப் படத்துல அழ ஆரம்பிச்சதை சினிமா விமர்சகர் ரோஜர் ஈபர்ட் எழுதியிருக்காரு. வெரைட்டி பத்திரிகை கிழி கிழின்னு கிழிச்சுச்சு. ஆனாலும் கூட்டம் குறையல.

இப்பதான் மேட்டரே. படத்துக்கு முதல்ல வச்ச டைட்டில் வேற, கம்பெனிக்காரங்க டைட்டில் கார்டை மாத்தும்போது காப்பிரைட் எங்களுதுன்னு சொல்ற அந்த ஒரு வரி எழுத்தைப் போடாம விட்டுட்டாங்க. அன்னைக்கு இருந்த சட்டப்படி அந்த வரி இல்லன்னா உரிமை போச்சு, அவ்ளோதான். யார் வேணா பிரிண்ட் போடலாம், டிவில ஓட்டலாம், அப்புறம் கேசட்டா வித்துக்கலாம், எடுத்தவங்களுக்குப் பைசா தர வேண்டியதில்ல. ஓசில கிடைச்சதால ஊரெல்லாம் ஓடி ஓடியே படம் பெருசாச்சு, 1999ல பாதுகாக்க வேண்டிய படங்களோட பட்டியலான அமெரிக்க தேசிய திரைப்படப் பதிவேட்டுலயும் சேத்தாங்க, ஆனா கல்லாப்பெட்டி நிறைஞ்சது வேற யாருக்கோ.

விட்ட காசுல கொஞ்சமாச்சும் எடுக்கலாம்னு 1990ல அவங்களே கலர்ல ரீமேக் பண்ணாங்க. எனக்கு அது ஓரளவு பிடிக்கும், ஆனா தியேட்டர்ல சுமாராத்தான் போச்சு.