களிமண் காணிக்கு ஜியோபொலிமரும் தும்பும் சரிவருமா?

கடல்நீரேரிப் பக்கம் காணி, மாரியில் சேறு, கோடையில் வெடிப்பு. சீமெந்துக்குப் பதிலாக ஜியோபொலிமரும் (சாம்பலையும் காரக் கரைசலையும் கலந்து செய்யும் பசை) தும்பும் மண்ணோடு கலந்தால் அத்திவாரம் நிற்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். மண் இறுகும். ஆனால் வீட்டு வளவுக்கு நான் சொல்லமாட்டேன்.

கடைசி வருட புரொஜெக்டுக்கு இதைத்தான் செய்தேன். நம் யாழ்ப்பாணத்தில் சுண்ணக்கல்லின் மேல் செம்மண்தான் அதிகம் என்பதால், மன்னார் மாவட்டத்து முருங்கன் பக்கத்துக் கறுத்தக் களியை மூட்டையில் கட்டி வந்தோம். நுரைச்சோலை போன்ற அனல்மின் நிலையங்களில் மிஞ்சும் நிலக்கரிச் சாம்பலில் சிலிக்காவும் அலுமினாவும் உண்டு. கோஸ்டிக் சோடாவும் சோடியம் சிலிக்கேட்டும் சேர்ந்த கரைசல் அவற்றைக் கரைத்து, மறுபடி வலைபோலப் பின்னவிடும். அந்த வலைதான் ஜியோபொலிமர், அது களியைப் பிடித்துக்கொள்ளும்.

உப்பேறிய நிலத்தில் இதற்கு ஒரு மவுசு உண்டு. மண்ணில் சல்பேட் இருந்தால் சுண்ணாம்பும் சீமெந்தும் அதோடு சேர்ந்து, ஊதிப் பெருக்கும் ஒரு உப்பை உண்டாக்கிவிடும். சுண்ணாம்புச் சத்துக் குறைந்த சாம்பலில் அந்தத் தொல்லை குறைவு.

தும்பு விஷயம்தான் எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. தும்பில்லாத மண் உருளையை அழுத்தியபோது நன்றாகத் தாங்கியது, பிறகு ஒரே சத்தத்தில் பிஸ்கட் மாதிரி நொறுங்கியது. இரண்டு சென்றிமீற்றர் துண்டுகளாக வெட்டிய தென்னந்தும்பு கலந்தது வயிறு பிதுங்கி, உடம்பெல்லாம் கீறல் விழுந்தும் ஆள் நின்றான். தூக்கிப் பார்த்தால் கீறலுக்குள் தும்பு இழுபட்டுத் தெரிந்தது. உலர்மண் எடையில் அரை வீதம் போதும். ஒரு வீதத்தைத் தாண்டினால் கலக்கும்போதே பந்து பந்தாகத் திரளும். கடுங்காரம் தும்பையும் மெல்ல அரிக்கும் என்பதையும் மறக்கக்கூடாது.

சரி, ஏன் வேண்டாம் என்கிறேன்? கரைசலின் செறிவு எட்டு மோலர் என்றால் லீற்றருக்கு 320 கிராம் கோஸ்டிக் சோடா. தண்ணீருக்குள்தான் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடவேண்டும், மாறிச் செய்தால் கொதித்து முகத்தில் தெறிக்கும். சுண்ணாம்புச் சத்துக் குறைந்த அந்தச் சாம்பல் நன்றாக இறுக 60 பாகை செல்சியஸ் அளவு சூடும் வேண்டும். ஆய்வுகூடத்தில் அடுப்பில் வைத்தோம், காணியை எங்கே வைப்பது? எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் கிணறுதான். சுண்ணக்கல் வெடிப்புகளுக்குள்ளால் இறங்குவது நேரே நாம் குடிக்கிற தண்ணீரில் சேரும். வினைபுரியாமல் மிஞ்சும் காரத்தை மாரி மழை எங்கே கொண்டுபோகும் என்று யோசியுங்கள்.

முதலில் காணியின் நாலு மூலையிலும் குழி வெட்டிப் பாருங்கள். களி இரண்டு மூன்று அடிதான் என்றால் அதை அள்ளிவிட்டு, கிறவல் போட்டு அரை அடி அரை அடியாக நனைத்து இடித்து ஏற்றுங்கள். கீழே கல் தட்டுப்பட்டால் அத்திவாரத்தைக் கல்லிலேயே இருத்தலாம். கல் தட்டுப்படாமல் களி இன்னும் ஆழமாகப் போனால் மண் பரிசோதனை செய்து, பொறியியலாளர் ஒருவரிடம் காட்டிய பிறகு தொடங்குங்கள்.