பெட்டி முழுக்கப் புதுசா, ஒரு படி மட்டும் புதுசா?

வாசகர் கேள்வி – பதில்: காப்புரிமை

கேள்வி: ரொம்ப வருடமாக மோட்டார் ரீவைண்டிங் வேலை செய்கிறேன். இன்டக்‌ஷன் மோட்டார் லோடு இல்லாமல் ஓடும்போது வோல்டேஜைத் தானாகக் குறைத்து மின்சாரத்தை மிச்சப்படுத்தும் ஒரு பெட்டி செய்திருக்கிறேன். லோடு வந்ததும் வோல்டேஜ் பழையபடி ஏறிவிடும். பஞ்ச் பிரஸ் மாதிரி விட்டுவிட்டு அடிக்கும் இயந்திரங்களுக்காகச் செய்தது. ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே எவ்வளவு நேரம் என்பதைப் பெட்டியே பழகிக்கொண்டு, அடி விழுவதற்குச் சற்று முன்னாலேயே வோல்டேஜை ஏற்றிவிடும். இதற்குக் காப்புரிமை கிடைக்குமா?

பதில்: கடிதத்தின் முதல் பாதிக்குக் கிடைக்காது. கடைசியில் போகிற போக்கில் ஒன்று சொல்லியிருக்கிறீர்களே, அடி விழும் முன்னாலேயே வோல்டேஜை ஏற்றுவது, அதற்குக் கிடைக்க வாய்ப்பு இருக்கிறது. நீங்கள் பெரிதாக நினைப்பது மின்சாரம் மிச்சமாவதை. காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பத்தை ஆராயும் பரிசோதகர் பார்க்கப்போவது அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும்தான்.

ஏன் என்று சொல்கிறேன். நாசாவின் மார்ஷல் விண்வெளி மையத்தில் வேலை பார்த்த ஃபிராங்க் நோலா என்ற பொறியாளர், லோடு குறையும்போது இன்டக்‌ஷன் மோட்டாரின் வோல்டேஜைக் குறைக்கும் சர்க்யூட்டுக்கு 1977-லேயே அமெரிக்கக் காப்புரிமை வாங்கிவிட்டார். லோடு இல்லாத மோட்டாரில் கரண்ட், வோல்டேஜுக்கு ரொம்பப் பின்தங்கி வரும், அதாவது பவர் ஃபேக்டர் மோசமாக இருக்கும். லோடு ஏற ஏற அந்த இடைவெளி சுருங்கும். நோலாவின் சர்க்யூட் அந்த இடைவெளியை அளந்து, டிராயாக் என்ற எலக்ட்ரானிக் ஸ்விட்ச்சைத் தாமதமாகத் திறக்க வைத்து வோல்டேஜைக் குறைத்தது. உங்கள் பெட்டியின் முதல் பாதி இதுவேதான். அந்தக் காப்புரிமையின் காலம் முடிந்து பல வருடம் ஆகிவிட்டது, அதனால் யார் வேண்டுமானாலும் அதைச் செய்து விற்கலாம், ஆனால் இனி யாரும் அதற்கு மறுபடி உரிமை கேட்க முடியாது. காலாவதியான காப்புரிமை கணக்கில் வராது என்று பலர் நினைக்கிறார்கள், அது தப்பு. ஒருமுறை வெளியானது வெளியானதுதான், எந்த நாட்டில் எந்த மொழியில் இருந்தாலும் சரி.

இப்போது இரண்டாம் பாதிக்கு வருவோம். எந்த நாட்டுச் சட்டத்திலும் அடிப்படையாக மூன்று விஷயம் பார்ப்பார்கள்: புதிதா, துறை தெரிந்த ஒருவருக்கு எளிதில் தோன்றிவிடக் கூடியதா, தொழிலுக்குப் பயன்படுமா. மூன்றாவதைப் பற்றி நீங்கள் கவலைப்படவே வேண்டாம். புதுமை என்பதும் நினைக்கிற அளவுக்குக் கடினமில்லை, ஏனென்றால் உங்கள் பெட்டியின் எல்லா அம்சமும் ஒரே ஆவணத்தில் சேர்ந்தாற்போல் இருந்தால்தான் புதுமை போகும். நோலாவிடம் வோல்டேஜைக் குறைப்பது இருக்கிறது, முன்கூட்டியே ஏற்றுவது இல்லை, எனவே அவரை மட்டும் வைத்துப் பார்த்தால் உங்களுடையது புதிது. விண்ணப்பங்கள் அடிபடுவது பெரும்பாலும் நடுவில் உள்ள கேள்வியில்தான், அங்கே இரண்டு மூன்று ஆவணங்களைச் சேர்த்தும் வாதாடலாம்.

பரிசோதகர் எப்படி யோசிப்பார் என்று அவர் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். இன்டக்‌ஷன் மோட்டாரின் டார்க், அதாவது சுழற்றும் விசை, வோல்டேஜின் இருமடிக்கு ஏற்பக் குறையும். வோல்டேஜ் 70 சதவீதமானால் டார்க் ஏறக்குறைய 49 சதவீதம், அதாவது பாதிதான். அந்த நிலையில் திடீரென்று அடி விழுந்தால் சர்க்யூட் விழித்துக்கொள்வதற்குள் மோட்டார் இழுத்துக்கொண்டு வேகம் குறையும். இது இந்த வகைச் சாதனத்தில் எல்லோருக்கும் தெரிந்த தொல்லை. தெரிந்த வைத்தியம், இன்னும் வேகமாக உணர்ந்து இன்னும் வேகமாக ஏற்றுவது. நீங்கள் அதை விட்டுவிட்டு, லோடு வருவதை முன்பே தெரிந்துகொள்கிறீர்கள். பரிசோதகர் உடனே சொல்வார்: "வரப்போவதைக் கணித்து முன்னாலேயே செயல்படுவது கட்டுப்பாட்டியலில் எல்லோரும் செய்வது, அதைக் கொண்டுவந்து நோலாவோடு ஒட்டியிருக்கிறார், அவ்வளவுதான்."

இதற்குப் பதில் உங்களிடம் இருக்க வேண்டும். ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தில் கேட்பது, துறை தெரிந்தவர் இதைச் செய்திருக்க முடியுமா என்று அல்ல, செய்திருப்பாரா என்று. முடியும் என்பதற்கும் செய்வார் என்பதற்கும் நடுவில் உள்ள இடத்தில்தான் உங்கள் உரிமை நிற்கிறது. அமெரிக்காவில் இன்னும் கொஞ்சம் கறாராக இருப்பார்கள். 2007-இல் அங்கே உச்ச நீதிமன்றம் கேஎஸ்ஆர் எதிர் டெலிஃப்ளெக்ஸ் வழக்கில், நகர்த்தி வைக்கக்கூடிய ஆக்சிலரேட்டர் பெடலில் எலக்ட்ரானிக் சென்சாரைப் பொருத்தியது எளிதில் தோன்றக்கூடியதுதான் என்று முடிவு செய்தது. பெடலும் இருந்தது, சென்சாரும் இருந்தது, சேர்த்தால் எதிர்பார்த்த பலன்தான் வந்தது. உங்கள் பெட்டியும் அப்படி "எதிர்பார்த்த பலன்" என்ற வாதத்தில் மாட்டிக்கொள்ளக் கூடாது.

அதனால் நான் உங்களிடம் திருப்பிக் கேட்கிறேன்: அடிக்கு எவ்வளவு முன்னால் ஏற்றுகிறீர்கள், அந்த நேரத்தை எப்படித் தீர்மானித்தீர்கள்? வோல்டேஜை ஏற்றிய அந்த நொடியே மோட்டாருக்குள் காந்தப்புலம் முழுதாக எழும்பிவிடாது, உள்ளே சுழலும் பகுதியான ரோட்டரைப் பொறுத்துக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். 50 ஹெர்ட்ஸில் ஒரு அரைச் சுழற்சி 10 மில்லி விநாடி. அப்படி எத்தனை அரைச் சுழற்சி முன்னால் தொடங்கினால் அடி விழும்போது முழு டார்க் கைக்கு வரும் என்பதை உங்கள் பெட்டி மோட்டாருக்கு மோட்டார் தானே அளந்து கண்டுபிடிக்கிறதென்றால், அதை ஒட்டுவேலை என்று தள்ளிவிடுவது கஷ்டம். சும்மா ஒரு திருகை வைத்துக் கையால் செட் செய்கிறீர்கள் என்றால் வாதம் பலவீனம். அப்புறம், ஆபரேட்டர் ஒரு அடியை நிறுத்திவிட்டால் பெட்டி என்ன செய்யும்? வோல்டேஜை ஏற்றி வைத்துவிட்டு அடிக்காகக் காத்திருக்குமா, மறுபடி இறக்குமா, பழகிய தாளத்தை மறந்துவிடுமா? நீங்கள் ஒர்க்‌ஷாப்பில் தூக்கம் கெட்டு இதைச் சரி செய்திருப்பீர்கள், ஆனால் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. சின்ன விஷயம் என்று விட்டிருக்கிறீர்கள், காப்புரிமைக்கு அதுதான் தங்கம்.

ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடது பக்கம் உங்கள் பெட்டி செய்யும் ஒவ்வொரு காரியத்தையும் ஒரு வரி வீதம் எழுதுங்கள். வலது பக்கம் அதே காரியம் எந்தப் பழைய ஆவணத்தில் இருக்கிறது என்று எழுதுங்கள். தேடுவதற்கு எஸ்பாஸ்நெட், கூகுள் பேட்டன்ட்ஸ், பேட்டன்ட்ஸ்கோப் ஆகிய இணையதளங்கள் மூன்றும் இலவசம். வார்த்தையை மட்டும் போட்டுத் தேடாதீர்கள், ஒரே சாதனத்தை ஒவ்வொருவரும் ஒவ்வொரு பெயரில் எழுதியிருப்பார்கள். காப்புரிமைகளைத் துறை வாரியாகப் பிரிக்கும் வகைப்பாட்டு எண்ணைச் சேர்த்துத் தேடுங்கள். மோட்டார் கட்டுப்பாட்டுக்கு எச்02பி, அதற்குள் 1 என்பது ஸ்டார்ட் செய்வது, 21 வெக்டர் கட்டுப்பாடு (மோட்டாரின் கரண்டை இரண்டாகப் பிரித்துத் தனித்தனியே ஓட்டுவது), 23 வெக்டர் அல்லாத மற்ற முறைகள். உங்கள் விஷயத்தில் பிரஸ் இயந்திரங்கள் வரும் பி30பி வகையையும் கட்டாயம் பாருங்கள். உங்களைக் கவிழ்க்கும் ஆவணம் மோட்டார்க்காரர் எழுதியதாக இருக்காது, பிரஸ் கம்பெனிக்காரர் எழுதியதாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

வலது பக்கம் காலியாக இருக்கும் வரிகள்தான் உங்கள் கண்டுபிடிப்பு. கிளெய்ம், அதாவது எதற்கு உரிமை கேட்கிறீர்கள் என்று சொல்லும் வாசகம், எழுதும்போது "லோடுக்கு ஏற்ப வோல்டேஜை மாற்றும் சாதனம்" என்று தொடங்கி அங்கேயே முடித்தால் நோலா ஒருவரே போதும், முதல் கடிதத்திலேயே திருப்பிவிடுவார்கள். "முந்தைய அடிகளின் இடைவெளியிலிருந்து அடுத்த அடியின் நேரத்தைக் கணித்து, அதற்கு முன்பே வோல்டேஜை ஏற்றும்" என்பது நடுத்தரம், போராடலாம். "காந்தப்புலம் எழும்ப அந்த மோட்டாருக்கு ஆகும் நேரத்தை அளந்து வைத்து, அந்த அளவுக்கு முன்கூட்டியே ஏற்றும்" என்பது குறுகலானது, ஆனால் நிற்கும். மூன்று படியையும் விண்ணப்பத்தில் எழுதி வையுங்கள். தாக்கல் செய்த பிறகு புதிய விஷயத்தை உள்ளே சேர்க்க முடியாது, அதனால் இன்றைக்குத் தெரிந்த எல்லா விவரத்தையும், அளந்த எண்களோடு, இப்போதே எழுதிவிட வேண்டும்.

கேள்வி: நான் வாங்கிய போர்டும் மைக்ரோகன்ட்ரோலரும் கடைச் சரக்கு. புதிது என்பது உள்ளே ஓடும் புரோகிராம் மட்டும்தான். மென்பொருளுக்குக் காப்புரிமை கிடையாது என்று பயமுறுத்துகிறார்கள்.

பதில்: பயப்படாதீர்கள், ஆனால் எழுதும் விதத்தில் கவனம் வேண்டும். இந்தியச் சட்டத்தில் 3(கே) பிரிவு கணினி நிரலை அதன் அளவில் விலக்குகிறது, ஐரோப்பிய உடன்படிக்கையும் அப்படித்தான். நிரல் நிஜ உலகில் ஒரு பொருளைக் கட்டுப்படுத்தித் தொழில்நுட்பப் பலனைத் தந்தால் கதை வேறு. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1981-இல் டயமண்ட் எதிர் டீயர் வழக்கில், ஒரு கணிதச் சமன்பாட்டைக் கணினியில் ஓடவிட்டு ரப்பர் வார்ப்பை எப்போது திறக்க வேண்டும் என்று முடிவு செய்யும் முறைக்கு உரிமை கொடுக்கலாம் என்றது. சமன்பாடு பழையது, ரப்பர் வேகும் விதம்தான் மாறியது. மோட்டாரிலும் அதே கணக்குத்தான்: 1929-இல் பார்க் என்ற பொறியாளர் எழுதிய உருமாற்றக் கணிதத்துக்கு யாரும் உரிமை கேட்க முடியாது, ஆனால் அந்தக் கணிதத்தால் மோட்டாரின் அசையாத பகுதியான ஸ்டேட்டரின் கரண்டை இரண்டாகப் பிரித்துத் தனித்தனியே ஓட்டும் கட்டுப்பாட்டு முறைக்குக் கேட்கலாம். எனவே "ஒரு அல்காரிதம்" என்று தொடங்காதீர்கள். எந்தச் சிக்னலை அளக்கிறீர்கள், எந்த ஸ்விட்ச்சை எப்போது திறக்கிறீர்கள், அதனால் மோட்டாரில் எது மாறுகிறது, சூடா சத்தமா அதிர்வா, இந்த வரிசையில் எழுதுங்கள். "லாபம் கூடும்", "பயனருக்கு வசதி" போன்றவற்றை எடுத்துவிடுங்கள்.

கேள்வி: பம்ப் மோட்டாருக்கான என் கன்ட்ரோலரை நான்கு மாதம் முன்பு வீடியோவாகப் போட்டேன், ஒரு நிறுவனத்துக்கு இரண்டு பெட்டி விற்றும் விட்டேன். போச்சா?

பதில்: இதைப் படித்ததும் எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது, ஏனென்றால் இந்த ஒரு தவறில்தான் நல்ல நல்ல கண்டுபிடிப்புகள் வீணாகின்றன. ஐரோப்பாவில் போய்விட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அங்கே நீங்களே வெளியிட்டதும் உங்களுக்கு எதிரான சான்றுதான், விதிவிலக்குகள் மிகக் குறுகலானவை. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் கண்டுபிடித்தவரே வெளியிட்டிருந்தால் ஒரு வருட அவகாசம் உண்டு, ஜப்பானில் அதற்குத் தனியாக மனு தர வேண்டும். உங்களுக்கு நான்கு மாதம் கழிந்திருக்கிறது, எட்டு மாதம் மிச்சம். வீடியோ போட்ட நாள், விற்ற நாள் இரண்டில் எது முந்தையதோ அதிலிருந்து எண்ணுங்கள். ரகசியமாக விற்றேன் என்று தப்பிக்கவும் முடியாது, ரகசிய விற்பனையும் கணக்கில் வரும் என்று 2019-இல் ஹெல்சின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒன்று மட்டும் பாருங்கள்: வீடியோவில் பெட்டியின் வெளிப்புறமும் பம்ப் ஓடுவதும்தான் தெரிகிறதா, உள்ளே என்ன நடக்கிறது என்று விளக்கினீர்களா? விளக்கவில்லை என்றால் வீடியோவால் பெரிய பாதகம் இல்லாமல் இருக்கலாம். விற்ற பெட்டியைத் திறந்து பார்த்தால் தெரியுமா என்பது அடுத்த கேள்வி. வழக்கறிஞரிடம் போகும்போது அந்த வீடியோவையும் பில் நகலையும் எடுத்துப் போங்கள், மறைக்காதீர்கள். வீடியோவுக்குப் பிறகு நீங்கள் செய்த மேம்பாடு ஏதாவது இருந்தால் அதற்கு இன்னும் கதவு திறந்திருக்கிறது, அதை யாரிடமும் காட்டாமல் முதலில் தாக்கல் செய்யுங்கள்.

கேள்வி: தேடுதல் அறிக்கையில் ஒன்றும் வரவில்லை. இனி தைரியமாக உற்பத்தி செய்யலாமா?

பதில்: இரண்டும் வேறு வேறு. காப்புரிமை கிடைக்குமா என்று தேடுவது உலகத்தில் வெளியான எல்லாவற்றிலும். விற்கலாமா என்று தேடுவது நீங்கள் விற்கும் நாட்டில் இன்னும் உயிரோடு இருக்கும் காப்புரிமைகளில். உங்கள் கன்ட்ரோலர் புதிதாகவே இருந்தாலும், அது வேறொருவரின் இன்வெர்ட்டர் ஸ்விட்ச்சிங் முறையின் மேல் உட்கார்ந்திருந்தால் அவர் அனுமதி வேண்டும். தவிர, விண்ணப்பங்கள் பொதுவாக 18 மாதம் வெளியே தெரியாது, போன வருடம் யாரோ போட்டது இன்றைய அறிக்கையில் இல்லாமல் போகலாம். ஆறு மாதம் கழித்து இன்னொரு முறை தேடுங்கள், அப்புறம் அச்சு வார்ப்புக்கு ஆர்டர் கொடுங்கள்.