அக்டோபரில் ஃபிராங்கோனியா முகடு: 11 மணிக்கு ஏறத் தொடங்கலாமா?

வணக்கம். அக்டோபர் இரண்டாம் வாரம் ஊரிலிருந்து வரும் அப்பாவோடு அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஃபிராங்கோனியா மலைமுகட்டில் ஏறி இறங்கும் சுற்று நடை. காலையில் பாஸ்டனில் கிளம்பி 11 மணிக்கு ஏறத் தொடங்கினால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. சுற்று 14 கிலோமீட்டர், ஏற்றம் ஆயிரம் மீட்டருக்கு மேல். நன்றாக நடப்பவர்களுக்கே ஏழு மணி நேரம் பிடிக்கும். மாலை ஆறு மணி வாக்கில் சூரியன் இறங்கிவிடும். முந்தின இரவே பக்கத்து ஊரான லிங்கனில் தங்கிவிட்டு, ஏழு மணிக்கு நடக்கத் தொடங்குங்கள்.

அருவிகளை ஒட்டிப் போகும் ஃபாலிங் வாட்டர்ஸ் பாதையில் ஏறி, ஓல்டு பிரைடில் பாத் என்ற இன்னொரு பாதையில் இறங்குங்கள். தயவுசெய்து மாற்றிச் செய்ய வேண்டாம். அருவியோரப் பாறைகளில் எப்போதும் ஈரம். அதன்மேல் இலைகள் உதிர்ந்து ஒட்டிக்கிடக்கும். அடியில் கல்லா, வேரா, பள்ளமா என்றே தெரியாது. முழங்கால் ஓய்ந்த நேரத்தில் அந்த இடம் வரக்கூடாது.

முகட்டின் மேல் லிட்டில் ஹேஸ்டாக் சிகரத்திலிருந்து லஃபாயெட் மலை உச்சிவரை ஒதுங்க ஒரு மரம் கிடையாது. கீழே டி-ஷர்ட் போதும்போல இருக்கும், மேலே காற்று ஆளைத் தள்ளும். பருத்திச் சட்டையும் ஜீன்ஸும் வேண்டவே வேண்டாம், வியர்வையில் நனைந்தால் லேசில் காயாது. கம்பளி உடை, காற்றுத் தடுப்பு ஜாக்கெட், குல்லா, கையுறை, தலையில் மாட்டும் டார்ச் ஆளுக்கொன்று.

அப்பா வெள்ளியங்கிரி ஏறியவர் என்கிறீர்கள். தெம்பு இருக்கும், ஆனால் இந்தக் குளிர்காற்று அவருக்குப் புதிது. இலைகளின் நிறம் பார்ப்பதுதான் அவர் ஆசை என்றால், நான் அழைத்துப்போவது ஆர்ட்டிஸ்ட்ஸ் பிளஃப் என்ற பாறைக்குன்றுக்குத்தான். பக்கத்திலேயே இருக்கிறது, சின்ன ஏற்றம். எக்கோ ஏரியும் எதிரே கேனன் மலையும் நன்றாகத் தெரியும்.