வளர்ப்பு எலிகளை ஜோடி சேர்ப்பது: கேள்வி பதில்

கடையில் வாங்கிய ஆணும் பெண்ணும் இருக்கின்றன. இரண்டுமே சாது. ஜோடி சேர்க்கலாமா?

வேண்டாம். சாது என்பது நல்ல குணம்தான், ஆனால் அவற்றின் தாய் தகப்பன் எத்தனை வயதில், எதனால் இறந்தன என்று உங்களுக்குத் தெரியாதே. வளர்ப்பு எலிகளை அதிகம் வாட்டுபவை இரண்டு: மைக்கோபிளாஸ்மா கிருமியால் வரும் மூச்சுக் கோளாறும், பெண் எலிகளுக்கு வரும் பால்மடிக் கட்டியும். கட்டி பெரும்பாலும் ஒரு வயதுக்கு மேல்தான் தலைகாட்டும். எனவே நாலு மாத எலியைப் பார்த்து, இது நல்ல வம்சம் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆணில் ஒரு வயது தாண்டியதைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன். மூச்சு சுத்தமா, வளர்ந்தபின் முரட்டுத்தனம் வந்ததா என்பதெல்லாம் அதற்குள் தெரிந்துவிடும். பெண்ணை அவ்வளவு காலம் காக்க வைக்க முடியாது. அதனால் அதன் தாய், பாட்டி எப்படி வாழ்ந்தன என்று விசாரித்துவிட்டு முடிவெடுங்கள்.

பெண்ணுக்கு எந்த வயது சரி?

நாலு முதல் ஆறு மாதம். எட்டு மாதம் தாண்டியும் முதல் ஈற்று ஆகவில்லை என்றால் விட்டுவிடுங்கள், பிரசவம் சிக்கலாகலாம்.

ஆணை எத்தனை நாள் கூட விடுவது? குட்டி பிறக்கும்போதும் இருக்கட்டுமா?

பெண் எலி நாலைந்து நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். முதுகைத் தொட்டாலே வளைந்து நிற்கும், காதுகள் படபடவென்று துடிக்கும். ஆகவே பத்து நாள் தாராளம். சினைக்காலம் 21 முதல் 23 நாள். அதற்கு முன்பே ஆணைக் கட்டாயம் பிரித்துவிடுங்கள். ஈன்ற 24 மணி நேரத்துக்குள்ளேயே பெண் மறுபடி சினை பிடிக்கும். ஒரு ஈற்றுக்குப் பாலூட்டிக்கொண்டே இன்னொன்றைச் சுமப்பது அந்தச் சின்ன உடம்புக்குப் பெரிய கொடுமை.

பதினைந்து குட்டிகள்! காம்பு பன்னிரண்டுதானே, பால் போதுமா?

மாறி மாறிக் குடித்துக்கொள்ளும், பயப்படாதீர்கள். முதல் சில நாட்கள் குட்டியின் தோல் வழியே வயிற்றில் வெள்ளைப் பட்டை தெரியும், அது குடித்த பால். பட்டை இல்லாத குட்டியைக் கவனியுங்கள். தாய்க்கு வேகவைத்த முட்டை கொஞ்சம் கொடுங்கள். அப்புறம், அடுத்த முறை இரண்டு பெண்களை ஒரே சமயத்தில் சினையாக்கினால், ஒன்றுக்கு முடியாதபோது மற்றது பாலூட்டும்.

நெற்றியில் வெள்ளைப் பட்டை உள்ள இரண்டைச் சேர்த்தால் அழகான குட்டி வருமா?

வரலாம். ஆனால் வெள்ளை அதிகமுள்ள சில வம்சங்களில் பெருங்குடல் இயங்காமல் வீங்கும் பிறவிக் கோளாறு உண்டு. திட உணவு தொடங்கும் சமயத்தில் வயிறு உப்பிக் குட்டி இறந்துபோகும். வம்சத்தில் ஒரு குட்டிக்கு வந்திருந்தாலும் அந்த ஜோடியைச் சேர்க்காதீர்கள்.

ஆண் பெண் குட்டிகளை எப்போது பிரிக்க வேண்டும்?

ஐந்து வாரம் நிறைவதற்குள். அதற்குமேல் அக்கா தங்கை, தாய் என்று பார்க்காமல் சினையாக்கிவிடும். எட்டு முதல் பத்தாம் நாளில் பெண் குட்டியின் வயிற்றில் காம்புகள் புள்ளியாகத் தெரியும். முடி மூடுவதற்குள் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.