அடுப்பு போனது, சூடு வரவில்லை: வட சீனக் கிராமங்கள் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: சார், சீனாவில் வீடுகளில் நிலக்கரி எரிக்கக் கூடாது என்றது நல்லதுதானே?

பதில்: நல்லதுதான். பெய்ஜிங்கில் 2013-இல் ஒரு கனமீட்டர் காற்றில் 89.5 மைக்ரோகிராம் நுண்துகள் இருந்தது. 2020-இல் அது 38. சுற்றுவட்டக் கிராமங்களில் வீட்டைச் சூடாக்கும் நிலக்கரி அடுப்புகள் அணைந்ததற்கும் அதில் பங்கு உண்டு. அந்தக் காற்றுக்கான விலையைக் கொடுத்தவர்களைப் பற்றித்தான் என் கவலை.

கேள்வி: அண்ணா, பள்ளிப் பிள்ளைகள் குளிரில் வெளியே உட்கார்ந்து படித்தார்களாமே?

பதில்: ஆமாம், 2017 குளிர்காலத்தில், பெய்ஜிங்கைச் சுற்றியுள்ள ஹெபெய் மாகாணத்தின் சூயாங் வட்டாரத்தில். பள்ளிகளில் நிலக்கரிக்கு முடிவு கட்டிவிட்டார்கள், மாற்று ஏற்பாடு தயாராகவில்லை. வகுப்பறையைவிட வெயில் விழும் முற்றம் கதகதப்பாக இருந்ததால் பாடம் அங்கே நடந்தது. அந்த ஆண்டு இலட்சக்கணக்கான வீடுகளை எரிவாயுவுக்கும் மின்சாரத்துக்கும் மாற்ற அதிகாரிகளுக்குக் கெடு இருந்தது. எரிவாயு போதவில்லை. கடைசியில் டிசம்பரில், மாற்றம் முடியாத இடங்களில் நிலக்கரி எரிக்கலாம் என்று சுற்றுச்சூழல் அமைச்சகமே 28 நகரங்களுக்கு அவசரக் கடிதம் அனுப்பியது. குளிர் வரும் மாதம் அவர்களுக்கு முன்கூட்டியே தெரியாதா என்ன?

கேள்வி: மானியம் கொடுத்தார்களே, அப்புறம் என்ன சிக்கல்?

பதில்: ஹெபெயில் எரிவாயு கனமீட்டருக்கு 1 யுவான் (சீன நாணயம்) கொடுத்தார்கள், அதுவும் சில ஆண்டுகளுக்குத்தான். பிறகு பல இடங்களில் குறைந்தது, நின்றும் போனது. கிராமத்து முதியவர்களுக்கான அடிப்படை ஓய்வூதியத்தின் தேசியக் குறைந்தபட்சம் 2024-இல் உயர்த்திய பிறகும் மாதம் 123 யுவானாகத்தான் இருந்தது. இதில் குளிர்காலம் முழுக்க எப்படி எரிவாயு எரிப்பது? ஒரே ஓர் அறையை மட்டும் சூடாக்கி, பஞ்சு வைத்த கோட்டோடு உட்கார்ந்திருக்கிறார்கள். வசந்த விழாவுக்கு, அதாவது சீனப் புத்தாண்டுக்கு, பிள்ளைகள் ஊருக்கு வரும்போதுதான் ஹீட்டரை முழுதாகப் போடும் வீடுகள் உண்டு.

கேள்வி: பெய்ஜிங்கின் கிராமங்களிலும் இதே கதையா ஐயா?

பதில்: அங்கே நிலைமை பரவாயில்லை. இரவு மின்கட்டணம் யூனிட்டுக்கு 0.3 யுவான், அதில் 0.2 யுவானை அரசு ஏற்றது. பணக்கார நகரத்தால் முடிந்தது, பக்கத்து மாகாணத்தால் முடியவில்லை.

கேள்வி: இப்போதாவது எரிவாயு ஒழுங்காக வருகிறதா?

பதில்: 2022-23 குளிரிலும் ஹெபெயில் தட்டுப்பாடு வந்தது. விநியோக நிறுவனங்கள் அதிக விலைக்கு வாங்கி, அரசு நிர்ணயித்த விலைக்கு விற்க வேண்டும். நஷ்டத்தை ஈடுகட்ட உள்ளூர் அரசுகளிடம் பணமில்லை. அதனால் கிராமத்து வீடுகளுக்கு அளந்துதான் விட்டார்கள்.

கேள்வி: வேறு என்ன செய்திருக்கலாம்?

பதில்: முதலில் வீட்டைக் கவனித்திருக்கலாம். கிராமத்து வீடுகள் பலவற்றில் சுவர், ஜன்னல், கூரை எல்லாவற்றின் வழியாகவும் சூடு வெளியேறுகிறது. அதை அடைத்தால் செலவு குறையும். எரிவாயு வந்து சேரும்வரை பழைய அடுப்பை விட்டுவைத்திருக்கலாம்.