சுடுநீர் ஹீற்றருக்கு மண்ணுக்கடியில் காஸ் குழாய்: எதை வாங்குவது, எதைத் தவிர்ப்பது?

கேள்வி: உப்புவெளியில் நான்கு அறைகளோடு விருந்தினர் இல்லம் நடத்துகிறோம். நிமிடத்துக்கு 10 லீற்றர் தரும் காஸ் ஹீற்றரைப் பின்சுவரில் பூட்டப்போகிறோம். சிலிண்டர் முன்மதில் ஓரம். இடையில் 18 மீற்றர், நடுவே வான் போய்வரும் பாதை. "காஸுக்கு அழுத்தம் குறைவுதானே, அரை அங்குல பி.வி.சி. தண்ணீர்க் குழாயையே புதைக்கலாம்" என்கிறார் கடைக்காரர். செய்யலாமா?

பதில்: செய்யவே கூடாது. அழுத்தம் குறைவு என்பது உண்மைதான். ஆனால் பி.வி.சி. குழாயின் ஒட்டுப்பசை இணைப்புகள் காஸுக்கென்று செய்யப்பட்டவை அல்ல. அலவாங்கு பட்டால் குழாய் சில்லுச் சில்லாக உடையும். தண்ணீர் கசிந்தால் மண் நனைந்து காட்டிக்கொடுக்கும். காஸ் அப்படிக் காட்டாது. அது காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு பாரமானது. மணலுக்குள்ளால் ஊர்ந்து கிணற்றிலோ கழிவுநீர்க் குழியிலோ போய்த் தேங்கும். காற்றில் 2 வீதமளவு கலந்தாலே தீப்பிடிக்கப் போதும்.

துத்தநாகம் பூசிய இரும்பான ஜீ.ஐ. குழாயும் உங்கள் இடத்துக்கு உதவாது. கடலோர உப்பு மணலில் முதலில் அரிக்கப்படுவது மரைவெட்டிய இடம். அங்கேதான் துத்தநாகப் பூச்சும் போயிருக்கும். செப்பு என்றால் தொழிற்சாலையிலேயே பிளாஸ்டிக் உறை போட்டதாக இருக்க வேண்டும். ஏ.சி. வேலைக்கு விற்கும் வெறும் செப்புச் சுருள் பெரும்பாலும் 50 அடி, அதாவது 15 மீற்றர். உங்கள் 18 மீற்றருக்கு மண்ணுக்குள் ஒரு இணைப்பு கட்டாயம் வரும். அதன் அளவிலும் சிக்கல் உண்டு. 10 லீற்றர் ஹீற்றர் ஏறக்குறைய 20 கிலோவாற், முழுச் சுடரில் மணிக்கு 1.6 கிலோ காஸ் குடிக்கும். 3/8 அங்குலச் செப்பில் அவ்வளவு காஸ் 18 மீற்றர் போவதற்குள், ரெகுலேற்றர் தரும் 30 மில்லிபார் அழுத்தத்தில் மூன்றிலொரு பங்குக்கு மேல் வழியிலேயே குறைந்துவிடும். சுடர் சோர்ந்து, தண்ணீர் வெதுவெதுப்பாகவே வரும்.

வாங்க வேண்டியது காஸுக்கென்று அச்சடித்த மஞ்சள் பொலித்தீன் குழாய், 25 மி.மீ. இதில் அழுத்த இழப்பு கணக்கில் எடுக்கத் தேவையில்லாத அளவுதான். சுருளிலிருந்து ஒரே துண்டாக 20 மீற்றர் வெட்டி வாங்குங்கள். இரு முனைக்கும் பொலித்தீனிலிருந்து இரும்புக்கு மாறும், தொழிற்சாலையில் செய்த துண்டு ஒவ்வொன்று வேண்டும். அவற்றை மின்சாரத்தில் உருக்கித்தான் இணைக்க வேண்டும். அந்த இயந்திரமும் அதில் பழக்கமும் இல்லாதவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். முறுக்கி இறுக்கும் இணைப்பு ஒன்றுகூட மண்ணுக்குள் போகக் கூடாது. பொலித்தீன் வெயிலைத் தாங்காது என்பதால் தரைக்கு மேலே அது வரக் கூடாது. வீட்டுக்குள்ளேயும் வரக் கூடாது. மேலே எழும் இரும்புத் துண்டுக்கு, மண்ணுக்குள் இருக்கும் பகுதி முழுவதும், அரிப்பைத் தடுக்கும் மெழுகு நாடா சுற்றுங்கள்.

கிடங்கு 45 செ.மீ. ஆழம், வான் போகும் இடத்தில் 60. அடியில் கல், வேர், ஓட்டுத்துண்டு இல்லாத மணல் 10 செ.மீ., குழாயின் மேலும் அதே அளவு. அதற்கு மேலே 'காஸ்' என்று எழுதிய மஞ்சள் எச்சரிக்கை நாடா. உலோகம் தேடும் கருவி பொலித்தீனைக் கண்டுபிடிக்காது என்பதால், உறை போட்ட செப்பு வயர் ஒன்றையும் கூடவே ஓடவிடுங்கள். மின்கம்பியிலிருந்து ஓர் அடி தள்ளிப் போக வேண்டும். வேலியோரமாக மட்டும் கொண்டுபோகாதீர்கள்: கதியால் நடுகிறவர் அலவாங்கை எங்கே இறக்குவார் என்று சொல்ல முடியாது. வீட்டின் கொன்கிறீட் தளத்துக்கு அடியாலும் வேண்டாம். சுவருக்கு வெளியே தரைக்கு மேல் எழுப்பி, அங்கே ஒரு வால்வு வைத்து, பிறகு உறைக்குழாய்க்குள்ளால் சுவரைக் கடக்கவிடுங்கள்.

ரெகுலேற்றர் சிலிண்டர் பக்கம்தான் இருக்க வேண்டும். உயர் அழுத்தக் காஸை மண்ணுக்கடியில் கொண்டுபோகாதீர்கள். ரெகுலேற்றரில் 'மணிக்கு இத்தனை கிலோ' என்று எழுதியிருக்கும். 1.6இற்குக் குறைந்ததை வாங்கினால் மேலே சொன்ன செலவெல்லாம் வீண். 12.5 கிலோ சிலிண்டர் ஒன்று முழுச் சுடரில் எட்டு மணித்தியாலத்துக்கும் குறைவாகவே வரும். காலையில் நான்கு அறையிலும் ஒருவர் பின் ஒருவராகக் குளித்தால், பாதி தீர்ந்த சிலிண்டர் குளிர்ந்து காஸ் தரத் தடுமாறும். ஆகவே மாற்று வால்வோடு இரண்டு சிலிண்டர். கிணறு, வடிகான் இரண்டிலிருந்தும் 2 மீற்றராவது தள்ளி, திறந்த இடத்தில், சீமெந்துத் தளத்தில் நிறுத்துங்கள்.

மூடுவதற்கு முன் சோதனை. ஹீற்றரையும் ரெகுலேற்றரையும் கழற்றிவிட்டு, குழாயில் காற்றை 1 பார் வரை ஏற்றி அரை மணித்தியாலம் விடுங்கள். இணைப்புகளில் சவர்க்கார நுரை தடவிப் பாருங்கள். பிறகு கண்ணாடி போல் உள்ளே தெரியும் குழாயை 'யூ' வடிவில் வளைத்து, தண்ணீர் விட்டு, ஒரு முனையைக் காஸ் குழாயில் மாட்டி, இரு பக்கத் தண்ணீர் மட்டத்துக்கும் 45 செ.மீ. வித்தியாசம் வருமட்டும் காற்று ஏற்றுங்கள். பத்து நிமிடம் அடங்கவிட்டு, அடுத்த பத்து நிமிடம் மட்டம் அசையாதிருந்தால்தான் மண் போடலாம். அளவுநாடாவைப் பிடித்து, சுவரிலிருந்து எத்தனை அடியில் குழாய் போகிறது என்று தெரிய, திறந்த கிடங்கைப் படம் எடுத்து வையுங்கள். வேலையை மாரிக்கு முன், கச்சான் காற்றுக் காலத்திலேயே முடித்துவிடுங்கள். மழை மணலில் வெட்டிய கிடங்கு நிற்காது.

கேள்வி: லண்டனிலிருந்து தம்பி நல்ல பொய்லர் ஒன்று அனுப்பியிருக்கிறார். நிலாவெளி வீட்டில் பூட்டலாமா?

பதில்: பக்கத்தில் ஒட்டியிருக்கும் தகட்டைப் பாருங்கள். 'ஜி20, 20 மில்லிபார்' என்றிருந்தால் அது அங்கே தெருக்குழாயில் வரும் இயற்கை எரிவாயுவுக்கானது. நமக்குக் கிடைப்பது சிலிண்டர் காஸ், பெரும்பகுதி பியூற்றேன். அதற்கு 'ஜி30' என்று இருக்க வேண்டும். இயற்கை எரிவாயுவுக்கென்று வைத்த பெரிய துளை ஜெற்றில் (காஸ் சுடருக்கு வரும் முனையில்) நம் காஸை விட்டால் சுடர் மஞ்சளாகிப் புகை கக்கும். மணமில்லாத காபன் மொனொக்சைட்டும் வரும். அந்த மொடலுக்கென்று கம்பனி தரும் மாற்றுப் பாகங்கள் கிடைத்து, தெரிந்தவர் பூட்டி அளந்து கொடுத்தாலன்றி வேண்டாம். வீட்டைச் சூடாக்கவும் சேர்த்துச் செய்த பெரிய இயந்திரம் நமக்கு எதற்கு? எந்தக் காஸ் ஹீற்றரானாலும் குளியலறைக்குள் பூட்டாதீர்கள்.

கேள்வி: ஜீ.ஐ. குழாய் புதைத்து ஆறு மாதம். மழை தொடங்கியதிலிருந்து சுடர் துடித்துத் துடித்து அணைகிறது. இடையிடையே காஸ் மணமும் வருகிறது. ஹீற்றர்தான் பழுது என்கிறார் வேலை செய்தவர்.

பதில்: ஹீற்றரை விடுங்கள், குழாய்க்குள் தண்ணீர் போயிருக்கிறது. 30 மில்லிபார் என்பது ஏறக்குறைய 30 செ.மீ. தண்ணீரின் அழுத்தம். வளவில் வெள்ளம் நின்று, குழாய்க்கு மேல் அதைவிடக் கூடுதலாகத் தண்ணீர் நின்றால், கசியும் மரை வழியாக அது உள்ளே ஏறும். சிலிண்டரை மூடிய இரவுகளில் இன்னும் சுலபமாக ஏறும். வெள்ளம் வடிந்ததும் அதே துளையால் காஸ் வெளியே வரும். மணம் அதனால்தான்.

இப்போதே சிலிண்டரை மூடிக் கழற்றுங்கள். மணம் இருக்கும்போது சுவிச் எதையும் தொடாதீர்கள், கிணற்று மோட்டரையும்தான். மேலே சொன்ன 'யூ' குழாய்ச் சோதனையை வேலை செய்தவரின் முன்னிலையில் செய்து, மட்டம் இறங்குவதைக் கைபேசியில் பதியுங்கள். அந்தக் குழாயைத் தோண்டி ஒட்டுப்போட உடன்படாதீர்கள். அடுத்த மரை அடுத்த மாரியில் போகும். இரு முனையையும் வெட்டி அடைத்துவிட்டு, புதிய பொலித்தீன் குழாயே போட வேண்டும்.

கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுப்பது விற்பவரின் கடமை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. பற்றுச்சீட்டையும் பதிவையும் வைத்து முதலில் எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடுங்கள். முறைப்பாடு முடியுமட்டும் வெட்டியெடுத்த மரைத் துண்டை எறியாமல் வையுங்கள்.