வெயிலில் நுண்ணுயிர் சாகவில்லை, பசிதான் கூடியிருக்கிறது

"மூன்று வருடமாகத் தொழுவுரம் போடுகிறேன், மண் பரிசோதனையில் அங்ககக் கரிமம் (மட்கிய பொருள்களில் இருக்கும் கரிமம்) ஏறவே இல்லை. வெயில் கூடிக்கொண்டே போவதால் நுண்ணுயிரெல்லாம் செத்துவிட்டதா? உயிர் உரம் (நுண்ணுயிர்க் கலவை) வாங்கி ஊற்றலாமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

சாகவில்லை. நீங்கள் போடுவதை முன்பைவிட வேகமாகத் தின்று தீர்க்கின்றன. ஈரம் இருக்கும்வரை, மண்ணின் சூடு 10 டிகிரி ஏறினால் அவை மூச்சாக விடும் கரியமில வாயு ஏறக்குறைய இரண்டு மடங்காகும், அந்தக் கரிமமெல்லாம் உங்கள் எருவிலிருந்தும் மண்ணின் மட்கிலிருந்தும் போவதுதான். அமெரிக்காவின் ஹார்வர்ட் காட்டில் 1991 முதல் மண்ணில் மின்கம்பி புதைத்து, 5 டிகிரி கூடுதலாகச் சூடேற்றிப் பார்த்தார்கள். 26 வருடத்தில் மேல் 60 செ.மீ. மண்ணிலிருந்த கரிமத்தில் 17 சதவீதம் போய்விட்டது. காட்டிலேயே இப்படி என்றால், வெறுமனே உழுது காயப்போட்ட நிலத்தை யோசித்துப் பாருங்கள்.

சூடு பாதிக் கதைதான். நீண்ட வறட்சி, அப்புறம் திடீரென்று பெருமழை, இதுதான் இன்னும் மோசம். காய்ந்த மண்ணில் தாக்குப்பிடிக்க நுண்ணுயிர்கள் உடலுக்குள் சர்க்கரை போன்ற பொருள்களைச் சேர்த்துக்கொள்ளும், மழை விழுந்ததும் தண்ணீர் குபுகுபுவென்று உள்ளே ஏற, சில வெடித்தே போகும். மிச்சமிருப்பவை அப்படிச் சிதறியதைத் தின்று ஒரே மூச்சில் கரிமத்தையும் தழைச்சத்தையும் வெளியே விடும். கென்யாவில் பணிபுரிந்த பர்ச் என்ற ஆய்வாளர் 1958-லேயே இதை எழுதி வைத்தார். அந்தத் தழைச்சத்தைப் பிடித்துக்கொள்ள வேர் இல்லையென்றால் மழையோடு அடித்துப் போய்விடும். பூஞ்சைகளும் வித்து உண்டாக்கும் பாக்டீரியாக்களும் வறட்சியை ஓரளவு தாங்கும், அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றுபவை அவ்வளவு தாங்காது.

உயிர் உரத்துக்கு நான் எதிரி இல்லை, ஆனால் கொதிக்கிற வெறும் மண்ணில் ஊற்றுவது காசைக் கொட்டுவதுதான். பயறு வகைகளின் வேரில் வாழும் ரைசோபியம் என்ற பாக்டீரியாவே மண் 35 டிகிரியைத் தாண்டினால் வேர்முடிச்சு போடத் திணறும். மதியம் ஒரு தெர்மாமீட்டரை 5 செ.மீ. ஆழத்தில் செருகிப் பாருங்கள், காற்றின் சூட்டைவிடக் கூடவே காட்டும். முதலில் மூடாக்கு, அதாவது வெறும் மண்ணைத் தழையாலும் கழிவாலும் மூடுவது. அறுவடைக் கழிவை எரிக்காமல் பரப்புங்கள், உழவைக் குறையுங்கள், மழைக்கு முன்னாலேயே மண்ணில் ஏதாவது ஒரு பயிரின் வேர் இருக்கட்டும். உயிர் உரத்தை அதற்கப்புறம், ஈரம் இருக்கும்போது, சாயங்காலத்தில் போடுங்கள்.

அடுத்த பரிசோதனைக்கு அதே மாதத்தில், அதே ஆழத்தில் மண் எடுங்கள். கோடையில் ஒன்றும் மழைக்குப் பின் ஒன்றும் எடுத்தால் இரண்டையும் ஒப்பிட முடியாது.